முன்மொழிய ஒரு கையெழுத்து

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு மறுநாள்தான் வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். நடுவில் இன்னும் ஒரு நாள் கிடைத்திருந்தால் அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்திருப்பேனோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பார்த்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் அவனுடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை முடிந்து என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் மேல் வைத்தவள்தான். பதினாறு நாள் தொடாதவள் பதினேழாம் நாள் மட்டும் தொட்டிருப்பேனா?

எங்கள் தெரு குன்றத்தூரைத் தாண்டி ஆற்றை ஒட்டி இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்தால் டிவியில் சொல்வதற்கு முன்பே எங்கள் வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் மேலே ஏறும். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே எங்கோ போய்விட்டார். நான் பத்தாவது பெயில். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறேன். அண்ணனும் ஒரகடம்தான், வேறு கம்பெனி. அவனுக்கு பிரேக் செய்கிற வேலை.

எங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்த்த பிறகு வந்த முதல் தேர்தல் அது. போர்டு மாறியது, வரி மாறியது. தண்ணீர் லாரி மட்டும் முன்பு போலவே நான்கு நாளைக்கு ஒருமுறை வந்தது. "மேயர் வரப்போறாருடி, நம்ம ஊரு சிட்டியாயிடுச்சு" என்று அண்ணன் சிரிப்பான். மேயருக்கு நாங்கள் நேராக ஓட்டுப் போட முடியாது என்பதையும் அவன்தான் எனக்குச் சொன்னான்.

"நம்ம வார்டுக்கு ஒரு ஆள நாம அனுப்பறோம். அந்த ஆளு உள்ள போயி மேயர தேர்ந்தெடுக்கும். அதனால மேயரு யாருன்னு பாக்காத பாப்பா. உள்ள போற ஆளு யாருன்னு பாரு."

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பல வருடமாகக் கட்சியில் இருந்து அந்த இடத்துக்குக் காத்திருந்த ஒருவர் உடனே தன் மனைவியை நிறுத்தினார். அவரைத் தெருவில் பெட்டி அண்ணன் என்று சொல்வோம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் போன் போட்டால் போதும், அரை மணியில் அவருடைய ஐஸ் பெட்டி வந்துவிடும். வாடகை இல்லை. கண்ணாடியின் பக்கவாட்டில் அவர் கும்பிடுகிற மாதிரி ஒரு படம் ஒட்டியிருக்கும், கீழே போன் நம்பர். மாலையோடு அவரும் வருவார், சுடுகாடு வரைக்கும் நடப்பார். எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்க அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை. "நம்ம வூட்டு சாவுக்கு வந்தாரு" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

அண்ணன் பேசினான். எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா மெஸ் நடத்துகிறார். முன்பு செல்போன் கம்பெனியில் வேலை செய்தவர். அந்தக் கம்பெனியை மூடியபோது வேலை போய், சப்பாத்தி போட ஆரம்பித்தார். சுற்றியிருக்கிற ரூம்களில் தங்கி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிற தென்மாவட்டப் பையன்கள் இருபத்துநான்கு பேர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். ஒருமுறை தண்ணீர் லாரி எங்கள் தெருவை விட்டுவிட்டுப் போகப் பார்த்தபோது, மாவுக்கையோடு ஓடிவந்து லாரி முன்னால் நின்றவர் அவர். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, பம்பரில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அந்தக்காவ நிறுத்தலாம்" என்றான் அண்ணன்.

"பெட்டி அண்ணன் சம்சாரத்த வுட்டுட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"பெட்டி அண்ணன் நாம செத்தா வராரும்மா. இந்தக்கா நாம உயிரோட கீறப்பவே வருது."

அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ்ஸில் வைத்தே அதை அக்காவிடம் சொன்னான். நானும் கூட இருந்தேன். அக்கா கல்லிலிருந்து சப்பாத்தியை எடுக்க மறந்துவிட்டார், கருகிவிட்டது.

"இன்னா தம்பி வெளாடறியா? நானா?"

"நீதான்க்கா. சுயேச்சை. நானே முன்மொழியறேன். கையெழுத்து என்னுது."

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "எக்கா, மேயருக்குக் கை தூக்கும்போது கரண்டிய கீழ வச்சிட்டுத் தூக்குங்க."

"மொதல்ல நீ தட்ட கழுவு. இங்க ஒரு ஓட்டுக்கு வக்கில்ல, வாய் மட்டும் வார்டு முழுக்க கீது."

"எனக்கு ஓட்டு ஊர்லல்லா கெடக்கு. இங்க இருந்தா ஒங்களுக்குத்தான் குத்துவேன்."

அது அவனுக்கு மட்டும் இல்லை. அக்கா கையால் சாப்பிடுகிற இருபத்துநான்கு பேருக்கும் ஓட்டு ஊரில்தான் இருந்தது. அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நல்லா கீதுடா என் படை" என்றார். ஆனால் மறுநாள் காலையில் அண்ணனைக் கூப்பிட்டு, "சப்பாத்திக் கட்டைய சின்னமா குடுப்பானுங்களா?" என்று கேட்டாராம். அப்போதே அவர் சம்மதித்துவிட்டார் என்று அண்ணன் சொன்னான்.

அதிலிருந்து அண்ணன் கையில் எப்போதும் வாக்காளர் பட்டியலின் நகல் இருந்தது. ஊரைச் சேர்த்தபோது வார்டுகளைப் பிரித்ததில் பல பேருடைய பெயர் வேறு வார்டுக்குப் போயிருந்தது. யார் யார் பெயர் நம் வார்டில் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பென்சிலால் டிக் போட்டான். எங்கள் தெருவில் ஆட்களை வீட்டில் பிடிப்பது சுலபம் இல்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு வாரம் போகும். சி ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களும் ஏ ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களும் ஒன்றாகத் தெருவில் இருப்பது விடிகாலையில் ஓர் அரை மணி நேரம்தான். அந்த அரை மணியில்தான் அவன் பட்டியலோடு சுற்றினான்.

ஒருநாள் அப்படிச் சுற்றியதில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டான். பைக்கில் போனான். வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிப்போகிற டிரெய்லர் ஒன்று. அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

பெட்டி அண்ணனுக்கு யார் போன் போட்டார்கள் என்று தெரியாது. அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது வீட்டில் பெட்டி தயாராக இருந்தது. கண்ணாடிக்குள் என் அண்ணன் முகம், கண்ணாடிமேல் அவர் கும்பிடுகிற படம். தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. நான் கால்மாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர் மாலையோடு வந்தார். அழுதார். பொய்யாக அழவில்லை. அண்ணனைச் சின்ன வயதிலிருந்து தெரியும் அவருக்கு. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எங்க வூட்டு ஓட்டு உனுக்குத்தான்பா. எம்புள்ள மேல சத்தியம்பா."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று அவர் சொன்னார். கையை உருவிக்கொள்ளாமல் அப்படியே நின்றார். அந்த இடத்தில் அவரை என்னால் குறை சொல்ல முடியாது.

அம்மா மெஸ் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டை டிபன் கேரியரில் போட்டு அக்கா எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார். ராத்திரி அம்மா அதைத் தொட மாட்டாள். காலையில் தெருநாய்க்குக் கொட்டிவிட்டு, கேரியரைப் பளபளவென்று விளக்கி அதே படியில் வைப்பாள். அக்கா எடுத்துக்கொண்டு போவார். பதினாறு நாளும், அதற்குப் பிறகும் இப்படித்தான் நடந்தது.

"அந்தக்கா இன்னாம்மா பண்ணுச்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த லிஸ்ட்ட புடிச்சிகினு அலையாம இருந்தா எம்புள்ள பஸ்ஸ புடிச்சிருப்பான்."

"அவனாத்தானேம்மா அலஞ்சான்."

"அவனாத்தான் அலஞ்சான். அவங்கிட்ட நான் எப்படிடி சண்ட போடுவேன்?"



காரியம் முடிந்த அன்று சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா கீழே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "நாளைக்குத்தானேக்கா கடைசி நாளு?" என்றேன்.

"அத வுடும்மா. நான் எங்க போயி நிக்கப் போறேன்."

"ஃபார்ம் வாங்கி வெச்சிருக்கியா?"

"தம்பி வாங்கியாந்து குடுத்தது கீது. எல்லாம் எழுதிட்டுப் போச்சு. முன்மொழியற எடம் மட்டும் பாக்கி. அத ஆபீஸ்லயே போட்டுக்கலாம்னு சொல்லுச்சு."

"நான் போடறேன்."

அக்கா உரிப்பதை நிறுத்தினார். "உங்கம்மா?"

"அம்மா குடுத்தது அம்மா ஓட்டு. இது அண்ணன் கையெழுத்து."

எனக்கு அப்போது அரசியல் எதுவும் தெரியாது, இப்போதும் தெரியாது. லைனில் ஒவ்வொருவரும் நிற்கிற இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டால், அவர் சொருகாமல் விட்ட ஒயரைப் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கிறவர் சொருகித்தான் அனுப்ப வேண்டும். ஒயர் கட்டுகிற போர்டை அப்படியே தள்ளிவிட முடியாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் லீவை இன்னும் ஒரு நாள் நீட்டிவிட்டு, அம்மாவிடம் கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். பீரோமேல் இருந்த கவரையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதில் பட்டியல் இருக்கும், வரிசை எண் கேட்டால் தேவைப்படும் என்று அக்கா சொல்லியிருந்தார். பிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மனு வாங்குகிற ஆபீஸ் வாசலில் மேளம், பட்டாசு, ஆளுயர மாலை என்று ஒவ்வொரு கட்சியாக வந்துகொண்டிருந்தார்கள். பெட்டி அண்ணன் மனைவி இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா, கல்யாண வீடுகளுக்குப் போகும்போது கட்டுகிற பச்சைப் புடவை கட்டி வந்திருந்தார். கைவிரல் நகத்தில் மாவு போகவில்லை. வரிசையில் நிற்கும்போது அதை ஊக்கால் எடுத்துக்கொண்டே இருந்தார். மேஜைக்குப் போகும்போது மணி இரண்டு தாண்டியிருந்தது. மூன்று மணியோடு முடிந்துவிடும்.

மேஜையில் இருந்த பெண் அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். "எல்லாம் சரியா எழுதியிருக்கு. யார் எழுதினது?"

"ஒரு தம்பிம்மா" என்றார் அக்கா.

"முன்மொழியறது யாரு?"

"நான் மேடம்."

"பாகம் எண், வரிசை எண் சொல்லு. இல்ல, கார்ட குடு."

என் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிற பிளாஸ்டிக் பை இருந்தது. ஒரு பக்கம் கம்பெனி அட்டை, மறுபக்கம் ஓட்டு அட்டை, இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். நான்கு வருடமாக அப்படித்தான். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டில் எதைக் கேட்டாலும் திருப்பிக் காட்டிவிடலாம். இழுத்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"இது ஒரகடம்மா."

"வேலதான் மேடம் ஒரகடம். வூடு இங்க."

"உன் ஓட்டு ஒரகடத்துல இருக்கு. நம்ம வார்டு ஓட்டர்தான் முன்மொழியணும். பின்னாடி அட்ரஸ் இருக்கு பாரு."

திருப்பிப் பார்த்தேன். என் அட்டையின் பின்பக்கத்தை நான் முதல்முறையாகப் படித்தது அப்போதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஆறு மாதம் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது வார்டன் அக்கா எங்கள் எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்து, ஒரு ஃபார்மில் கையெழுத்து வாங்கினார். மதுரை, நெல்லை, கடலூர் என்று எல்லா ஊர்ப் பெண்களும் போட்டோம். கொஞ்ச நாள் கழித்து அட்டை வந்தது. போட்டோ நன்றாக விழவில்லை என்றுதான் எனக்குக் கவலை. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் ஓட்டு அங்கேயே தங்கிவிட்டது. இதுவரை நான் எந்த ஓட்டும் போட்டதில்லை. எல்லாத் தேர்தல் அன்றைக்கும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"தம்பி லிஸ்ட்டுல பாரும்மா" என்றார் அக்கா. "அதுல உன் பேரு இருக்கும். இவங்க மெஷின்ல தப்பா கீது."

சுவரோரமாகப் போய்க் கீழே உட்கார்ந்து கவரின் முடிச்சை அவிழ்த்தேன். பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கைக்கடிகாரம், கம்பெனி அட்டை, பாதி பென்சில், பிறகு நான்காக மடித்த பட்டியல். ஒரு ஓரம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அந்த ஓரத்தைத் தொடாமல் பிரித்தேன்.

எங்கள் கதவு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவன் பெயர், டிக். அம்மா பெயர், டிக். அதற்குக் கீழே அடுத்த வீட்டுக்காரர்கள். நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் பென்சிலால் எழுதியிருந்தான்: "தங்கச்சி?"

அவன் பார்த்திருக்கிறான். என்னிடம் கேட்க வேண்டும் என்று குறித்தும் வைத்திருக்கிறான். அவன் ஏ ஷிப்ட், நான் அந்த வாரம் பி ஷிப்ட். கேட்கவில்லை. நான் இந்தக் கவரை ஒரே ஒரு நாள் முன்னால் பிரித்திருந்தால், வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குறியை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு எழுந்து, "சரி, அழுவாத. போன் போடு. டிக் போட்டவன் எவன் வேணா வரட்டும்" என்றார்.

போட்டோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒவ்வொரு நம்பரும் அடித்து அடித்து நின்றது. பகல் இரண்டரை மணி. எங்களுக்கு உதவக்கூடிய எல்லோரும் லைனில் நின்றுகொண்டிருந்தார்கள், இல்லையென்றால் சி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போனைக் கம்பெனி வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இத்தனை லாக்கருக்குள் இத்தனை போன் வெளிச்சம் போட்டுப் போட்டு அணைவதை நினைத்துப் பார்த்தேன். ஒரு போனை மட்டும் ஒரு கிழவர் எடுத்தார். "பெட்டி அண்ணன் கிட்ட சொல்லிட்டேன்மா, தப்பா நெனைக்காத" என்று வைத்துவிட்டார்.

கடைசியில் அம்மாவுக்குப் போட்டேன்.

"கம்பெனிலேர்ந்தா பேசற? போனு எப்படி குடுத்தானுங்க?"

"கம்பெனி இல்லம்மா." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பட்டியலில் அண்ணன் எழுதியிருந்ததையும் சொன்னேன். "உன் பேருக்கு டிக் போட்டிருக்காம்மா. நீ வந்து ஒரு கையெழுத்து போட்டா போதும். ஓட்டு யாருக்கு வேணா போட்டுக்கோ. இது அவன் போட வேண்டியதும்மா."

போனில் மிக்சி ஓடுகிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.

"அவன படுக்க வெச்சது அவரு பொட்டிடி" என்றாள்.

"தெரியும்மா."

"சத்தியம் பண்ணிட்டேன்."

"தெரியும்மா. மூணு மணிக்குள்ள வரணும்."

வைத்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்தான். நானும் அக்காவும் கேட்டுக்கு உள்ளே நின்று ரோட்டைப் பார்த்தோம். ஒவ்வொரு ஆட்டோவும் நிற்கும். யாராவது இறங்குவார்கள். பச்சைப் புடவை வியர்வையில் நனைந்து அக்காவின் முதுகில் ஒட்டியிருந்தது.

"வருவாங்களா?" என்று ஒரே ஒருமுறைதான் கேட்டார்.

"வரும்க்கா."

மூன்று மணிக்கு ஒரு போலீஸ்காரர் கேட்டை இழுத்துச் சாத்தினார். சாத்தும்போது, "வெளியில யாராவது இருக்கீங்களா, உள்ள வரணும்னா இப்பவே" என்று கத்தினார். ரோட்டில் ஒரு சுண்டல்காரர் மட்டும் இருந்தார்.

அக்கா அந்த ஃபார்மை நீளவாக்கில் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். "வா. இருவத்திநாலு பேருக்கு மாவு பெசையணும்" என்றார். ஷேர் ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும் என் தலையில் கையை வைத்து, "தம்பி எல்லாம் சரியா எழுதியிருக்குன்னு ஆபீஸ்ல அந்தம்மா சொல்லுச்சு பாத்தியா" என்றார்.

வீட்டில் அம்மா அண்ணன் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். வெளியில் போகிற புடவை கட்டியிருந்தாள். மடியில் அவளுடைய ஓட்டு அட்டை இருந்தது. காலில் செருப்புகூட இருந்தது. வீட்டுக்குள் அவள் செருப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. "கெளம்பிட்டு ஏம்மா வர்ல?" என்றேன்.

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தேன்" என்றாள். "அவன் கம்பெனி பஸ்ஸு நிக்குமே, அந்த எடம். அத தாண்டித்தான ஆட்டோ ஏறணும்."

நான் கவரைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பீரோமேல் வைத்தேன்.

"கால் வர்லடி."



ஓட்டுப்பதிவு அன்று என் லைனில் ஓட்டு இருந்தவர்களுக்கு லீவு கொடுத்தார்கள். மாநகராட்சி எல்லைக்குள் ஓட்டு இருக்கிறது என்று அட்டையைக் காட்ட வேண்டும். நான் காட்டவில்லை. காட்டினால் ஒரகடம் என்று இருக்கும். பாதி லைன் காலியாக இருந்தது, அதனால் மூன்று ஸ்டேஷனை நான் ஒருத்தியே பார்த்தேன். மதியம் சூப்பர்வைசர், "நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே, ஓட்டுப் போடலியா?" என்று கேட்டார். "எனக்கு இங்கதான் சார் ஓட்டு" என்றேன். அவர் வேடிக்கையாக நினைத்துச் சிரித்தார்.

பெட்டி அண்ணன் மனைவிதான் பிறகு ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில். மேயரைத் தேர்ந்தெடுக்க அவர் போன அன்று தெருவில் லட்டு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் எங்களுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு சாவு விழுந்தது. பெட்டி வந்தது. பழைய படத்தின்மேல் புதிய படம் ஒட்டியிருந்தார்கள், அதில் இரண்டு பேரும் கும்பிட்டார்கள். அந்த வீட்டில் மின்சாரம் பத்தவில்லை என்று எங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார்கள். பிளக்கை நான்தான் சொருகினேன். தண்ணீர் லாரி இன்னும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது.

நான் சொல்ல நினைத்தது அதுவும் இல்லை. ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம் நடந்தது.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் அவள் இடதுகை ஆள்காட்டி விரலில் மை தெரிந்தது. போய்விட்டு வந்திருக்கிறாள். ஓட்டுச்சாவடி பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலில். தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

எப்படிப் போனாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அவளே பேசினாள். அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"மிஷின்ல பேரு பேரா போட்டிருந்தான். எனக்குப் படிக்க வருமே மெதுவா. மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தேன்."

"எதுக்கு? பெட்டி அண்ணன் கட்சி சின்னம் உனுக்குத் தெரியுமில்ல?"

"மெஸ்ஸுக்காரி பேரு இருக்கான்னு பாத்தேன்."

"அதான் குடுக்கவே இல்லியேம்மா."

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா?" தண்ணீரைச் சாய்த்தாள். "ரெண்டு வாட்டி பாத்தேன். உள்ள இருந்தவன் சீக்கிரம் போடும்மான்னு சத்தம் போட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. சத்தியத்துக்குப் போட்டுட்டு வந்துட்டேன்."

அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் வைக்கவில்லை. களைந்த அரிசியை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். அக்காவின் கேரியரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. நான் திறந்தேன். உள்ளே எப்போதும் போல மூன்று பேருக்குச் சப்பாத்தி இருந்தது.